பெட்ரூம் கப்போர்டு: கம்பெனி கொட்டேஷன் வந்தாச்சு, கையெழுத்துக்கு முன்னால் எதையெல்லாம் கேட்கணும்?

பெரும்பாக்கம்_புதுவீடு:

சென்னை பெரும்பாக்கத்தில் 2 பிஎச்கே ஃப்ளாட், மூன்றாவது மாடி. பெட்ரூம் 10 அடிக்கு 12 அடி. கப்போர்டு வரவேண்டிய சுவர் 7 அடி 2 இன்ச், இரண்டு பக்கமும் சுவர் அடைத்த மாடம் மாதிரி இடம். தரையிலிருந்து 7 அடியில் பில்டர் போட்ட கான்கிரீட் லாஃப்ட், 2 அடி ஆழம். அதன் மேல் சீலிங் வரை 2 அடி 9 இன்ச். பின்சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம்.

மாடுலர் கம்பெனி டிசைனர் அளந்துவிட்டு 3டி படம் அனுப்பியிருக்கிறார். ஸ்லைடிங் கதவு, "பிடபிள்யூபி ப்ளை, மைக்கா ஃபினிஷ்" (தண்ணீர் தாங்கும் ப்ளைவுட், மேலே லேமினேட் ஷீட்), சதுர அடி 1,650 ரூபாய், மொத்தம் 70 சதுர அடி. 1,15,500 ரூபாய், ஜிஎஸ்டி தனி. இன்னொரு பக்கம் ஒரு ஆசாரி, மெட்டீரியல் நாம் வாங்கிக் கொடுத்தால் லேபர் மட்டும் சதுர அடி 450 என்கிறார்.

உள்ளே வைக்கவேண்டியது: இரண்டு பேர் துணி. புடவை 60, அதில் பட்டு 20. சட்டை 25, நீள குர்தி, சுடிதார், வேட்டி, இரண்டு சூட்கேஸ்.

பாத்ரூம் சுவரில் கப்போர்டு வைக்கலாமா? ஸ்லைடிங் சரியா? இந்த இரண்டு ரேட்டையும் எப்படி ஒப்பிடுவது?

---

ஓதம்_பார்ப்பவர்:

முதலில் சுவர். மற்றதெல்லாம் அப்புறம்.

பாத்ரூம் சுவரில் கப்போர்டு வைப்பது சென்னை ஃப்ளாட்டுகளில் சர்வசாதாரணம், வைக்கலாம். ஆனால் சுவர் காய்ந்திருக்கிறதா என்று தெரியாமல் வைக்கக்கூடாது. 2 அடிக்கு 2 அடி கனமான பாலித்தீன் ஷீட்டைத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் சுவரில் வைத்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். அந்த இரண்டு நாளும் பாத்ரூமை வழக்கம்போலப் பயன்படுத்த வேண்டும். பிறகு பிரித்துப் பாருங்கள். ஷீட்டின் சுவர்ப் பக்கத்தில் நீர்த்துளி இருந்தால் சுவரில் ஓதம் இருக்கிறது. அறைப் பக்கத்தில் மட்டும் ஈரம் என்றால் அது காற்றின் ஈரப்பதம்தான். ஷவர், டைவர்ட்டர் இருக்கும் உயரத்திலும் இதே சோதனையைச் செய்யுங்கள். மறைகுழாய் கசிவு பெரும்பாலும் அங்கேதான்.

ஓதம் இருந்தால் சரிசெய்ய வேண்டிய இடம் பாத்ரூம் பக்கம். டைல்ஸ் இடுக்குகளைச் சுரண்டி எபாக்சி கிரவுட் போடுவது, ப்ளம்பரை வைத்து குழாய்க்குப் பிரஷர் டெஸ்ட் செய்வது, இந்த இரண்டும்தான் முதல் வேலை. பெட்ரூம் பக்கம் வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடிப்பது பயன்தராது. உள்ளே வரும் நீர் வெளியேற வழியில்லாமல் பெயின்ட்டைக் கொப்பளமாகத் தூக்கும், இல்லையென்றால் பக்கத்துச் சுவரில் தலைகாட்டும்.

சுவர் காய்ந்திருந்தாலும் கப்போர்டுப் பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். பின்னால் ஒரு இன்ச் இடைவெளி விடுங்கள். தரையோர டைல்ஸ் பட்டி எப்படியும் 10 மில்லிமீட்டர் துருத்திக்கொண்டிருக்கும், அதனால் இடைவெளி விடுவது வசதியும்கூட. கீழே கப்போர்டின் ஸ்கர்ட்டிங் பட்டியில் இரண்டு சின்ன கிரில், மேலே லாஃப்டுக்கு அடியில் கொஞ்சம் திறப்பு. இப்படி இருந்தால் பின்னால் காற்று கீழிருந்து மேலே ஏறிப் போகும். ஐப்பசி கார்த்திகை மழையில் துணியில் வரும் பூஞ்சை வாடைக்கு ஒரு முக்கியக் காரணம் இந்தக் காற்று இல்லாததுதான். பின்பலகைக்கு இரண்டு பக்கமும் மைக்கா வேண்டும், சுவரைப் பார்க்கும் பக்கம் வெறும் ப்ளையாக விடக்கூடாது.

அடியில் ப்ளையில் பீடம் கட்ட ஆசாரி சொல்வார். வேண்டாம். தினமும் தரை துடைக்கும் ஈரம் அந்த ப்ளையின் ஓரத்தில்தான் ஏறும். 4 இன்ச் பிவிசி கால்கள், முன்னால் கழற்றி மாட்டும் பிவிசி அல்லது அலுமினியப் பட்டி. ஒரு பெட்டிக்கு நான்கு கால் போதும்.

கரையானுக்கு மூன்றாவது மாடி ஒரு பொருட்டில்லை. குழாய் ஷாஃப்ட், வயர் போகும் பைப், கதவு நிலை வழியாக ஏறி வரும். கப்போர்டு வருவதற்கு முன்னால் சுவரும் தரையும் சேரும் மூலையில் அடிக்கு ஒரு துளை போட்டு மருந்து ஏற்றி அடைத்துவிடச் சொல்லுங்கள். பாத்ரூம் சுவர் என்பதால் குழாய் போகும் தடத்தைக் குறித்துக் கொடுத்த பிறகே ட்ரில் தொட வேண்டும்.

---

உள்ளளவு:

டிசைனர் கொடுத்த 3டி படத்தில் கதவின் நிறம் தெரியும், உங்கள் புடவை எங்கே போகும் என்று தெரியாது. உள் அளவோடு வரைபடம் கேளுங்கள்.

ஸ்லைடிங் உங்கள் இடத்துக்குப் பொருந்தாது. இரண்டு தடத்தில் ஓடும் கதவுக்கே 3.5 இன்ச்சுக்குமேல் போய்விடும், மொத்த ஆழம் 26, 27 இன்ச் ஆகும். உங்கள் லாஃப்ட் 24 இன்ச். கீழ்ப்பெட்டி லாஃப்டைவிட 3 இன்ச் துருத்தி நிற்கும், மேல்கதவும் கீழ்க்கதவும் ஒரே கோட்டில் வராது, நடுவே தூசி தங்க ஒரு படி. எந்த நேரமும் பாதி கப்போர்டுதான் திறந்திருக்கும் என்பது தனி. இடம் மிச்சம் என்று சொல்வார்கள். கீல் வைத்த 15 இன்ச் அகலக் கதவு திறந்தால் 15 இன்ச்தான் வெளியே வரும். ஆள் நின்று துணி எடுக்க எப்படியும் 2 அடி வேண்டும், ஆகவே மிச்சமாவது ஒன்றுமில்லை.

86 இன்ச் அகலத்தை 30, 30, 24 என்று மூன்று பெட்டியாகப் பிரித்து, இரண்டு ஓரமும் ஒரு இன்ச் ஃபில்லர் பட்டி விடுங்கள். சுவர் எங்கேயும் நேராக இருக்காது. கீழே, நடுவில், மேலே என மூன்று இடத்தில் அகலம் அளந்து, குறைவானதை எடுத்துக்கொள்ள வேண்டும். பெட்டியின் ஆழம் 22 இன்ச், உயரம் 79. இந்த 79 முக்கியம். பெட்டியைப் படுக்கவைத்துப் பூட்டிவிட்டு நிமிர்த்தும்போது அதன் மூலைவிட்டம் லாஃப்டுக்கு அடியில் நுழைய வேண்டும். 79க்கு 22 என்றால் மூலைவிட்டம் 82, உங்கள் 84க்குள் நிமிர்ந்துவிடும். காலில்லாமல் 83 உயரத்தில் செய்துவந்தால் மூலைவிட்டம் கிட்டத்தட்ட 86. நிமிராது, பிரித்துத்தான் பூட்ட வேண்டும். 79 பெட்டி, 4 இன்ச் கால், மேலே ஒரு இன்ச் பட்டி, அவ்வளவுதான் 7 அடி.

உள்ளே:

சட்டை தொங்க 40 இன்ச் போதும். முதல் பெட்டியில் மேலே ஒரு தட்டு, நடுவே சட்டைக் கம்பி, கீழே இரண்டு டிராயர். உள் அகலம் 28.5 இன்ச், சட்டைக்கு ஒரு இன்ச் என்று வைத்தால் 25 சட்டை நெருக்கடியில்லாமல் நிற்கும்.

புடவைக்கு நடுப்பெட்டி. புடவையின் அகலம் சுமார் 45 இன்ச். நீளத்தை மடித்து ஹேங்கரில் போட்டால் இரண்டு பக்கமும் 23 இன்ச் அளவுக்குத்தான் தொங்கும். ஹேங்கர் கொக்கி, கை நுழையும் இடம் எல்லாம் சேர்த்து 30 இன்ச் விட்டால் போதும். ஆகவே ஒன்றின்கீழ் ஒன்றாக இரண்டு கம்பி, 40 புடவை தாராளமாகப் போகும். பல டிசைனில் புடவைக்கும் 60 இன்ச் விட்டு, கீழே பாதி இடம் வெறுமனே கிடக்கும்.

பட்டைத் தொங்கவிட வேண்டாம். ஜரிகை எடைக்கு மடிப்பில் இழை விடும். நடுப்பெட்டியில் மீதமுள்ள 17 இன்ச்சில் ஆழம் குறைந்த டிராயர்கள் இரண்டு வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று நான்குக்கு மேல் அடுக்காமல், பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்தால் இருபதில் பெரும்பகுதி அடங்கும். மீதி மேல்தட்டில். அந்துருண்டை ஜரிகையில் பட்டால் ஜரிகை கறுக்கும். வசம்பைத் துணியில் முடிந்து ஓரத்தில் வைப்பதே மேல். சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வைக்க வேண்டும் என்பது கப்போர்டு செய்பவர் சொல்லாவிட்டாலும் வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள்.

மூன்றாவது 24 இன்ச் பெட்டி நீள உடுப்புக்கு. கம்பியிலிருந்து கீழே 58 இன்ச். மேலே இரண்டு தட்டு. சூட்கேஸ்கள் லாஃப்டில்.

வரைபடத்தில் ஒன்றைக் கட்டாயம் சரிபாருங்கள்: கதவுக்கு உள்ளே வரும் டிராயர். கீல் பக்கம் கதவு முழுசாக விலகாது. அதனால் டிராயரைப் பெட்டிச் சுவரோடு ஒட்டிப் போட்டால் வெளியே வரும்போது கீலிலோ கதவிலோ இடிக்கும். இரண்டு பக்கமும் முக்கால் இன்ச் கட்டை வைத்து அதன்மேல் சேனல் (டிராயர் ஓடும் தண்டவாளம்) அடிக்க வேண்டும். சேனலுக்கு பக்கத்துக்கு அரை இன்ச். 28.5 உள்ளகலத்தில் டிராயரின் வெளியகலம் 26தான் வரும். இதைப் படத்திலேயே எழுதி வாங்கினால் பொருத்தும் அன்று வாக்குவாதம் இல்லை.

---

பலகை_கணக்கு:

ரேட்டை ஒப்பிடணும்னா சதுர அடியை மறந்துட்டு ஷீட் எண்ணுங்க. மேலே சொன்ன அளவுக்கே கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு ஷீட் 8 அடிக்கு 4 அடி.

பக்கப்பலகை 6, ஒவ்வொண்ணும் 79க்கு 22. ஷீட்டுக்கு ரெண்டு விழும், ஆக 3 ஷீட். மேல், கீழ், தட்டு எல்லாம் சேர்த்து 15 துண்டு. ஷீட்டுக்கு ஆறு விழும், ரெண்டரை ஷீட். கதவு ஆறு, 15 இன்ச் நாலு, 12 இன்ச் ரெண்டு, 2 ஷீட். லாஃப்ட் கதவு நாலும் ஒரே ஷீட்ல முடியும். மொத்தம் 18 எம்எம் எட்டரை, 9 வாங்கணும். பின்பலகை 6 எம்எம் 3 ஷீட், ஏன்னா 30ம் 24ம் கூட்டினா 54, ஒரு ஷீட்ல ரெண்டு பெட்டிக்கு விழாது. டிராயருக்கு 12 எம்எம் ஒண்ணு.

இப்போ மைக்கா. வெளிப்பக்கம் 1 எம்எம் 3 ஷீட்தான். ஆனா உள்பக்கம்? கதவு உள்முகம் 3, பக்கப்பலகை உள்முகம் 3, தட்டுகளுக்கு ரெண்டு முகமும் 5, பின்பலகை ஒரு முகத்துக்கே 3. மொத்தம் 14 ஷீட் 0.8 எம்எம். முதல் பதிலில் சொன்ன மாதிரி பின்பலகையோட சுவர்ப் பக்கமும் ஒட்டினா இன்னும் 3. "லேபர் மட்டும் 450"ங்கிற ரேட்ல இந்த உள் மைக்கா ஒட்டுற கூலி இருக்கா, இல்ல உள்ளே பெயின்ட்தானான்னு கேளுங்க. சண்டை வர்ற இடம் இதுதான். பெட்டிக்கு ப்ரீ-லேமினேட் ப்ளையா வாங்கிட்டா இந்த மொத்த ஒட்டு வேலையும் போயிடும், கதவுக்கு மட்டும் ஒட்டினா போதும்.

கதவுக்கு உள்முகத்துல பெயின்ட் கண்டிப்பா கூடாது. வெளியே மைக்கா, உள்ளே பெயின்ட்னா ரெண்டு பக்கமும் ஈரத்தை வேற வேற வேகத்துல இழுக்கும், ஆறரை அடி கதவு வில்லு மாதிரி வளையும். பெட்டியில இருக்கிற பலகை ஸ்குரூ பிடிச்சு நிக்கும், கதவு தனியா தொங்குறதால அதுதான் முதல்ல காட்டிக் கொடுக்கும்.

நீளக் கதவுக்கு என் ஓட்டு 19 எம்எம் ப்ளாக் போர்டு, அதாவது நடுவுல பைன் கட்டைகளை வச்சு ஒட்டின பலகை. ப்ளையைவிட நேரா நிக்கும், எடையும் குறைவு. கட்டை நீளவாக்குல ஓடணும், குறுக்கே வெட்டினா பிரயோஜனம் இல்ல.

கீல்: ஒவ்வொரு பெட்டிக்கும் தனி பக்கப்பலகை இருக்கிறதால எல்லாமே ஃபுல் ஓவர்லே, ஜீரோ கிராங்க், அதாவது கதவு பலகை ஓரத்தை முழுசா மூடுற வகை. நடுப்பலகையை ரெண்டு கதவு பங்கு போட்டா அங்க மட்டும் பாதி மூடுற 8 கிராங்க். கதவுக்கு நாலு கீல், ஆறு கதவுக்கு 24. கீழ் ஓரத்துல இருந்து 4 இன்ச்ல முதல் கீல், தட்டு வர்ற உயரத்துல கீல் வராம பார்த்துக்கணும். லாஃப்ட் கதவுக்கு ரெண்டு ரெண்டு. டிராயர் சேனல் 20 இன்ச், 45 கிலோ தாங்குறது. திருவான்மியூர், பெசன்ட் நகர், ஈசிஆர் பக்கம்னா உப்புக்காத்துக்கு நிக்கல் பூச்சு கீல் துரு பிடிக்கும், எஸ்எஸ் 304 கீல் போடணும். பெரும்பாக்கத்துக்கு நல்ல கம்பெனி சாதா கீலே போதும்.

வால்டாக்ஸ் ரோட்ல ப்ளை வாங்கறதா இருந்தா ஷீட் மேலயும் ஓரத்துலயும் ஐஎஸ்ஐ முத்திரையோட ஐஎஸ் 710 (பிடபிள்யூபி ப்ளைக்கான தர எண்) இருக்கணும். வெறும் "மரைன்"னு அச்சடிச்சது கணக்குல வராது. ஐஎஸ் 303 எம்ஆர்ங்கிறது வேற சரக்கு, ஓரளவு ஈரம்தான் தாங்கும், ஈரச்சுவருக்கு ஆகாது.

---

பெரும்பாக்கம்_புதுவீடு:

ஷீட் கணக்கு கண்ணைத் திறந்துவிட்டது. கம்பெனியிடம் கேட்டேன்: பெட்டி பிடபிள்யூபி, கதவு எச்டிஎச்எம்ஆர் (மரநாரை அழுத்திச் செய்த, ஈரம் தாங்கும் பலகை) என்கிறார்கள். கொட்டேஷனில் அப்படிப் பிரித்து எழுதவில்லை. கையெழுத்தானதும் 50 சதவீதம், ஃபேக்டரியிலிருந்து அனுப்பும் முன் மீதி 50 கேட்கிறார்கள். இது வழக்கமா?

---

ஒப்பந்தம்_முதலில்:

கேட்பது வழக்கம்தான். ஒப்புக்கொள்ள வேண்டிய அவசியமில்லை. பொருத்துவதற்கு முன்பே நூறு சதவீதமும் போய்விட்டால், கோணலான கதவைச் சரிசெய்ய யாரும் அவசரப்பட மாட்டார்கள். 10 டிசைனுக்கு, 40 உள்ளளவு வரைபடத்தில் கையெழுத்திட்ட பிறகு, 40 சரக்கு வீட்டுக்கு வந்து நீங்கள் சரிபார்த்த பிறகு, கடைசி 10 பொருத்தி ஒரு மாதம் கழித்து. முழுசாக இறங்கிவராவிட்டாலும் கடைசி 10ஐ விடாதீர்கள். ஒரு மாதத்துக்குள்தான் கதவு தொய்வு, ஓரப்பட்டி பிரிவு எல்லாம் தெரியவரும்.

எச்டிஎச்எம்ஆர் கதவு மோசமில்லை. நேராக நிற்கும், திருகு நன்றாகப் பிடிக்கும். ப்ளையைவிட எடை கூடுதல், மைக்காவோடு 15 இன்ச் கதவு 14 கிலோ பக்கம் வரும். நான்கு கீலுக்குப் பதில் ஐந்து கேளுங்கள். ப்ளாக் போர்டா எச்டிஎச்எம்ஆரா என்பதில் ஆசாரிக்கும் ஃபேக்டரிக்கும் எப்போதும் ஒத்துப்போகாது. கையால் ஒட்டும் இடத்தில் ப்ளாக் போர்டு, மெஷினில் வெட்டி ஓரப்பட்டி ஒட்டும் இடத்தில் எச்டிஎச்எம்ஆர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி ரேட். 70 சதுர அடி என்பது முகப்பு அளவு. கீழே 50, லாஃப்ட் 20. கீழே பெட்டி, தட்டு, டிராயர், கீல், கதவு எல்லாம் இருக்கிறது. லாஃப்டில் என்ன இருக்கிறது? கான்கிரீட் உங்களுடையது. அவர்கள் போடுவது ஒரு சட்டமும் நான்கு கதவும், மேலே போட்ட கணக்கில் ஒரே ஷீட். அதற்கும் சதுர அடி 1,650 வீதம் 33,000 ரூபாய் கேட்கிறார்கள். "லாஃப்டுக்குத் தனி ரேட்" என்று கேட்பது நியாயமான கேள்வி, பல கம்பெனிகள் கேட்டால் குறைக்கும். 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்தால் இப்போதைய கொட்டேஷன் 1,36,290. டிராயர், கம்பி, பூட்டு, உள்விளக்கு இதில் அடக்கமா, தனியா என்றும் எழுதி வாங்குங்கள். தனி என்றால் நான்கு டிராயரிலேயே தொகை ஏறும்.

கொட்டேஷனில் "பிடபிள்யூபி ப்ளை" என்ற ஒற்றை வரி போதாது. பெட்டி, கதவு, பின்பலகை, டிராயர் நான்குக்கும் தனித்தனியாகப் பலகையின் பிராண்டு, கனம், ஐஎஸ் எண். மைக்காவின் கேட்டலாக் எண். கீல், சேனலின் பிராண்டும் மாடலும். ஓரப்பட்டி 2 எம்எம்மா 0.8ஆ. பின்பலகை எத்தனை எம்எம் என்பதை யாரும் தாமாகச் சொல்வதில்லை.

சரக்கு இறங்கும் நாளில் வெர்னியர் காலிப்பர் வைத்துக் கனம் பாருங்கள். 18 என்று எழுதியது 16 ஆக வருவதுண்டு. கதவின் மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் விரலால் தடவுங்கள், கண்ணுக்குத் தெரியாத ஓரம் என்று பட்டி ஒட்டாமல் விட்டிருப்பார்கள். ஈரம் நுழைவது அங்கேதான். பொருத்திய பிறகு கதவுகளுக்கு இடையே 2 முதல் 3 எம்எம் இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இருக்க வேண்டும். இல்லையென்றால் கீலின் திருகிலேயே சரிசெய்யலாம், பத்து நிமிட வேலை. பெட்டி மூன்றையும் ஒன்றோடொன்று போல்ட் போட்டு, மேலே சுவரோடும் பிணைக்க வேண்டும். குழந்தைகள் டிராயரில் ஏறினால் கவிழாது.

லாக்கர் வைப்பதாக இருந்தால் அதை ப்ளையில் திருகாதீர்கள். பின்பலகையில் வெட்டு விட்டு, சுவரில் ஆங்கர் போல்ட். பாத்ரூம் சுவர் என்பதால் அதற்கும் குழாய்த் தடம் பார்க்க வேண்டும், பக்கச்சுவர் காலியாக இருந்தால் அங்கே.

---

கடப்பா_கட்சி:

யாரும் சொல்லாததால் சொல்கிறேன். மூன்று பக்கமும் சுவர், மேலே கான்கிரீட். இந்த இடத்துக்கு ப்ளைப் பெட்டியே தேவையில்லை. கடப்பா கல் தட்டும் நடுச்சுவரும் வைத்து, முன்னால் சட்டமும் கதவும் மட்டும் போட்டால் உள்ளே கரையானுக்குத் தின்ன ஒன்றுமில்லை.

---

உள்ளளவு:

கரையான் விஷயத்தில் சரிதான். ஆனால் கல் நிரந்தரம், கம்பி உயரத்தை நாளை மாற்ற முடியாது. நடுச்சுவர் 4 இன்ச் என்றால் இரண்டு சுவருக்கு 8 இன்ச் அகலம் போய்விடும். பாத்ரூம் ஓதம் கல்லைக் கெடுக்காது, ஆனால் காற்றிடைவெளி இல்லாததால் துணிக்கு நேரே வந்துவிடும். பாத்ரூம் சுவராக இல்லாத இடம், மடித்து வைக்கும் துணி, சிக்கனமான பட்ஜெட் என்றால் கடப்பா நல்ல தேர்வு. 40 புடவையைத் தொங்கவிட வேண்டிய இந்த வீட்டுக்குப் பெட்டியே சரி.

---

பலகை_கணக்கு:

ஆசாரி பக்கம் போறதா இருந்தா ரெண்டு விஷயம். 8க்கு 4 ஷீட் ஃப்ளாட் லிஃப்ட்ல பெரும்பாலும் ஏறாது, படியிலதான் தூக்கணும், தூக்குக்கூலி மாடிக்கு இவ்வளவுன்னு ஷீட் கணக்குல கேட்பாங்க. 13 ப்ளை, மைக்கா, எல்லாத்துக்கும் சேர்த்து முன்னாடியே பேசிக்குங்க. கட்டிங், ஓரப்பட்டி ரெண்டையும் மெஷின் இருக்கிற பட்டறையில ஜாப் ஒர்க்கா கொடுத்து, வெட்டின துண்டா லிஃப்ட்ல ஏத்தி, ஆசாரியை பொருத்த மட்டும் விட்டா இந்தக் கூலியும் மிச்சம், வீட்ல தூசியும் இல்ல. 79 இன்ச் துண்டு லிஃப்ட்ல நிக்குமான்னு மட்டும் முதல்ல டேப் வச்சுப் பாருங்க.